ஊற்றில் மட்டும் நல்ல தண்ணீர் எப்படி? (ராமேசுவரம் தீவு, தங்கச்சிமடம் வீட்டு வாட்ஸ்அப் குழு)

ஞாயிறு

மதினி, காலை 7.10: பாப்பா விடிந்ததிலிருந்து ஒரே கேள்வி. நேற்று பெரியத்தை கடற்கரையில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்ததைக் கூடவே நின்று பார்த்திருக்கிறாள். நூறு எட்டு வைத்தால் கடல், அந்தத் தண்ணீர் மட்டும் எப்படிக் கரிக்கவில்லை என்கிறாள். நம் வீட்டுப் போர் (ஆழ்துளைக் கிணறு) 60 அடி ஆழம். அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

தம்பி, 7.16: அண்ணே, போர் போட்டவர் இன்னும் 20 அடி இறக்கினால் சரியாகிவிடும் என்றாரே. பணம் இன்றைக்கு அனுப்பவா?

மாமா, 7.21: மாப்பிள்ளை, பணத்தை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். பாப்பா கேட்ட கேள்வியிலேயே போருக்கும் பதில் இருக்கிறது. குளித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நான், 7.23: சரி மாமா. வில்லூண்டி தீர்த்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கிணறு கடலுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் நல்ல தண்ணீர். சீதையின் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றிய இடம் என்று சின்ன வயதில் கேட்டதோடு சரி.

மாமா, 8.05: பாப்பா, கேட்டுக்கொள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை நம் மணல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அடியில் கடல் தண்ணீர் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு, அதனால் அது கனம். மழைத் தண்ணீர் லேசு. லேசானது மேலே மிதக்கும், கனமானது கீழே கிடக்கும். மணல் இடையில் இருப்பதால் இரண்டும் சட்டென்று கலக்காது. நேற்று ஊற்றுத் தோண்டிய உன் பெரிய அப்பத்தா மேலே நிற்கிற மழைத் தண்ணீரை மட்டும் மொண்டு எடுக்கிறார். நம் போர் அதைத் துளைத்துக்கொண்டு உப்புக்குள் போய்விட்டது. வில்லூண்டியிலும் இதே சங்கதிதான். கரையில் இறங்கிய மழைத் தண்ணீர் மணலுக்கடியிலேயே கடல் பக்கம் நகர்ந்து அங்கே ஊறுகிறது.

மாமா, 8.07: வீட்டிலேயே செய்து பார். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி கடல் தண்ணீர். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து, கரண்டியைக் கவிழ்த்து அதன் முதுகில் மெல்ல மெல்ல ஊற்று.

சித்தப்பா, 8.30: இப்போதுதான் கரைக்கு வந்தேன். மாமாவிடம் எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். மீன் ஆயுசு முழுக்க உப்புத் தண்ணீரில்தான் கிடக்கிறது, குழம்புக்கு நாம் ஏன் உப்புப் போடுகிறோம்?

மாமா, 8.41: மீன் கடல் தண்ணீரைக் குடிக்கத்தான் செய்கிறது. மிஞ்சுகிற உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். சதையில் ஏறவிடாது. சுறாவும் திருக்கையும் வேறு வழி. உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்துத்தான் கடல் உப்புக்கு ஈடுகொடுக்கின்றன. செத்த பிறகு அந்த யூரியா அம்மோனியாவாக மாறும். திருக்கையில் வருகிற அந்த வாடை அதுதான்.

மதினி, 8.44: அதனால்தான் எங்கள் அம்மா திருக்கையைப் புளித்தண்ணீரில் அலசுவார்களா?

மாமா, 8.45: அதேதான். புளிப்பு பட்டால் அம்மோனியா வாடை அடங்கும். உங்கள் அம்மாவுக்குக் கைப்பழக்கம்.

மதினி, 9.20: (படம்) டம்ளர் படம் அனுப்பியிருக்கிறேன். அடியில் கடல் தண்ணீர் தெளிவாக நிற்கிறது, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சிவப்பு. நடுவில் கோடு கிழித்த மாதிரி! பாப்பா மூச்சுவிடக்கூட பயந்துகொண்டு பார்க்கிறாள். கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினேன், எல்லாம் கலந்துபோயிற்று. தாத்தா, இனிமேல் பிரியாதா என்று கேட்கச் சொல்கிறாள்.

மாமா, 9.26: பிரியாது ஆத்தா. மோட்டார் வைத்து மணிக்கணக்கில் இழுத்தால் தரைக்குக் கீழே நடப்பதும் ஏறக்குறைய அதுதான். தம்பி, நீயும் படி. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கலாம் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். இந்தத் தீவில் மணலோ மேடோ பெரிய உயரம் கிடையாது, அதனால் நல்ல தண்ணீரும் கடல் மட்டத்துக்கு மேலே அதிகம் நிற்காது. இன்னும் 20 அடி இறக்கினால் இன்னும் உப்புதான் வரும்.

தம்பி, 9.31: நல்லவேளை மாமா. அனுப்பியிருந்தால் போயே போயிருக்கும்.

பெரியம்மா, 10.02: (மதினி சொன்ன பெரியத்தை இவர்தான்; வாய்ஸ், மதினி எழுதியது) நீங்கள் பேசுகிற கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் அம்மா சொன்னது இது. ஊற்றை முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்டாதே. முதலில் வருகிற கலங்கலை இறைத்துக் கொட்டு. அப்புறம் காத்திரு. மணலின் ஓரத்திலிருந்து கண்ணீர் மாதிரிக் கசிந்து வரும். அடியைக் கலக்காமல் சிரட்டையை மேலாகச் சாய்த்து மொள்ள வேண்டும். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுத் தோண்டினால் கரித்துவிடும், அன்றைக்கு அந்தக் குழியை விட்டுவிட வேண்டியதுதான். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் அப்புறமும் இருந்த சனங்கள் இப்படி ஊற்றுத் தண்ணீர் எடுத்துத்தான் பிழைத்தார்கள்.

நான், 10.06: பெரியம்மா, மாமா அரை மணி நேரம் எழுதியதை நீங்கள் ஒரு சிரட்டையில் அள்ளிவிட்டீர்கள்.

மாமா, 10.08: உண்மை. அக்கா சொன்னதுதான் முறை. போரை மூடிவிட்டு வேப்பமரத்துப் பக்கம் ஆழம் குறைந்த உறைக்கிணறு போடுங்கள். தண்ணீர் தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். மோட்டார் வேண்டாம், வாளியும் கயிறும் போதும். கூரைத் தண்ணீரையும் குழாய் வைத்து அந்தப் பக்கமே மணலில் இறக்குங்கள்.

சித்தப்பா, 10.15: சிமெண்ட் உறைக்கு நான் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை கடலுக்குப் போகவில்லை, தோண்ட நானும் வருகிறேன்.

மதினி, 10.17: பாப்பா கிணற்றுக்கு முன்னால் ஊற்றுத் தோண்டிப் பழக வேண்டுமாம். சாயங்காலம் வரட்டுமா பெரியத்தை?

பெரியம்மா, 10.20: (வாய்ஸ், மதினி எழுதியது) வெயில் தாழ்ந்ததும் அனுப்பு. நல்ல சிரட்டை ஒன்று தேய்த்து வைத்திருக்கிறேன்.