யாழினிக்குக் கட்டில் தடுப்பு: எங்க ஃபேமிலி குரூப்ல ஓடுன பேச்சு

மலர்: எல்லாருக்கும் ஒரு கேள்வி. யாழினி நேத்து கிரிப்போட (சுத்தி கம்பி வச்ச குழந்தைக் கட்டில்) கம்பி மேல கால போட்டு ஏறிட்டா, பாதி உடம்பு வெளிய, நல்லவேளை குமார் பக்கத்துலயே இருந்தாரு. இனிமே ஒரு பக்கத்த கழட்டிட்டு டாட்லர் பெட்டா, அதாவது அவளா ஏறி இறங்குற சின்னக் கட்டிலா மாத்திடலாம்னு இருக்கோம். முன்னாடி போடுற தடுப்பு எது வாங்கலாம்? மூணு போட்டோ அனுப்புறேன் பாத்துட்டு சொல்லுங்க

மலர்: 3 படங்கள்

ரேவதி அண்ணி: மெத்தைய கடைசி லெவலுக்கு இறக்கிட்டியா?

மலர்: எப்பவோ இறக்கியாச்சு அண்ணி

ரேவதி அண்ணி: அப்ப மாத்திட வேண்டியதுதான். உயரம் எவ்வளவு? ஹெல்த் புக்லெட்ல எழுதியிருப்பாங்களே. 89 செ.மீ தாண்டினா கிரிப்ல போடாதீங்கன்னு அமெரிக்கக் குழந்தை டாக்டர்ங்க சொல்றாங்க. எங்க சின்னவன் அவ்ளோ வளர்றதுக்கு முன்னாடியே குதிச்சிட்டான், அவன விடு

மலர்: 90

அத்தை: எங்க காலத்துல ஏணை. அதுக்கப்புறம் பாய். தடுப்பும் கிடையாது ஒண்ணும் கிடையாது. பாய விரிச்சு படுக்க வை மலரு

குமார்: அம்மா என் நெத்தியில இருக்கிற தையல் எதுல விழுந்து போட்டது

அத்தை: அது நாற்காலி

பிரியா: ஹாஹாஹா

சேகர் மாமா: மலரு போட்டோ பாத்தேன். ரெண்டாவது இருக்கே துணி வலை வச்சது, அத மொதல்ல விடு. அது பெரியவங்க கட்டிலுக்கு செஞ்சது, அதுல கீழ ரெண்டு கம்பி மெத்தைக்கு அடியில போகுது பாரு, பெரிய மெத்தையோட வெயிட்டுதான் அந்த கம்பிய அமுக்கிப் புடிக்கும், கிரிப் மெத்த எவ்வளவு லேசு, புள்ள உருண்டு போய் சாஞ்சா தடுப்பு வெளிய நகரும், மெத்தைக்கும் அதுக்கும் நடுவுல சந்து விழும், புள்ள கீழ விழுந்தாகூட அழுதுட்டு எந்திரிச்சிரும், அந்த சந்துல மாட்டுனா சத்தமே வராதும்மா

மலர்: ஐயோ மாமா

ரேவதி அண்ணி: மாமா சொல்றது கரெக்ட். அந்த மாதிரி தடுப்பு 2லருந்து 5 வயசு, அதுவும் பெரிய கட்டில்ல தானா ஏறி இறங்கத் தெரிஞ்ச பிள்ளைங்களுக்குத்தான்

பிரியா: மூணாவது போட்டோ ஓகேவா? மரம், பாக்க அழகா இருக்கு, எல்லா கிரிப்புக்கும் பொருந்தும்னு போட்டிருக்கான், விலையும் கம்மி

சேகர் மாமா: போடுறதுக்கு என்ன பிரியா, காசா பணமா. தடுப்பு நிக்கிறது போல்ட்லதான். கம்பெனிக்கு கம்பெனி ஓட்டை இருக்கிற இடம் வேற, ஓட்டைக்கு ஓட்டை தூரம் வேற, போல்ட் சைஸ் வேற. பொருந்தலைன்னா என்ன பண்ணுவாங்க, டிரில் எடுத்து புது ஓட்டை போடுவாங்க. மரம் அங்க வெடிச்சிருச்சுன்னா கட்டிலே போச்சு. நான் ஷிப்யார்ட்ல இருந்தப்பவும் இதே சண்டைதான், வேற மெஷினோட பார்ட்ட கொண்டாந்து அடிச்சு ஏத்துறது

குமார்: மாமா எங்கிட்ட டிரில் இருக்கு

சேகர் மாமா: அதான் பயமே

பிரியா: சிரிச்சு முடியல

சேகர் மாமா: கிரிப் எங்க வாங்குனது? ஸ்டிக்கர் இருக்கும் பாரு, மாடல் நம்பர், செஞ்ச தேதி

மலர்: வாங்கல மாமா, மேல் மாடி அக்கா குடுத்தது, அவங்க நியூஜெர்சியிலருந்து வீட்ட காலி பண்ணி வந்தப்ப சாமானோட கப்பல்ல வந்துச்சு. மேனுவல் இல்ல. இருங்க டார்ச் அடிச்சு பாக்குறேன்

சேகர் மாமா: பக்கம் மேல கீழ இறங்குற டைப் இல்லையே? அந்த டைப்ப அமெரிக்காவுல 2011லயே விக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க

குமார்: இல்ல மாமா நாலு பக்கமும் ஃபிக்ஸட்

மலர்: கிடைச்சிருச்சு! அடிச்சட்டத்துல ஒட்டியிருக்கு. 2019. மாடல் நம்பர் போட்டு தேடுனா அதே கம்பெனி தடுப்பு வருது, நான் அனுப்புன மொத போட்டோவும் அதேதான். விலைதான் மூணாவத விட டபுள், ஷிப்பிங் தனி

ரேவதி அண்ணி: அந்த விலைய குடுத்து வாங்கிடு மலர். பின்னாடி தேவையில்லாம கழட்டும்போது மேல் மாடி அக்கா மாதிரி இன்னொருத்தருக்கு முழு செட்டா குடுக்கலாம்ல

சேகர் மாமா: வாங்குறதுக்கு முன்னாடி டேப் எடு. மெத்தைய வச்சு, மெத்தைக்கு மேல தடுப்பு எவ்வளவு நிக்குதுன்னு பாக்கணும். அமெரிக்க ரூல் 5 இன்ச், அதாவது 13 செ.மீ கிட்ட. அதுக்கு குறைஞ்சா தடுப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான்

மலர்: அந்த பேஜ்ல படம் இருக்கு மாமா, மெத்த வைக்கிற பலகைக்கு மேல 28 செ.மீ நிக்கும்

சேகர் மாமா: மெத்த கனம்?

மலர்: பழசு 13. புதுசு 17

சேகர் மாமா: புதுசா? எது

அத்தை: நான்தான் வாங்கிக் குடுத்தேன் தம்பி. பழசு நடுவுல குழிஞ்ச மாதிரி தெரிஞ்சுது. புள்ள மெத்துன்னு தூங்கட்டுமேன்னு நல்ல கனமா பாத்து வாங்குனேன்

சேகர் மாமா: நல்ல மனசு சம்பந்தி. ஆனா கணக்கு இடிக்குதே, 28ல 17 போனா 11தான் மிச்சம். பழசுன்னா 15 நிக்கும். நீள அகலம் என்ன?

குமார்: புதுசு 60க்கு 120. கிரிப் உள்ள 71க்கு 133

சேகர் மாமா: பாத்தியா. இங்க சிங்கப்பூர் கடையில நெறைய விக்கிறது 60க்கு 120, ஐரோப்பா சைஸ், ஐக்கியா கிரிப்புக்கெல்லாம் அதான். உன்னுது அமெரிக்க சைஸ். பக்கத்துல மட்டும் 11 செ.மீ காலி, புள்ளையோட கையி காலு தாராளமா போகும். ரெண்டு வெரலுக்கு மேல சந்து இருக்கவே கூடாது. தடுப்பு எவ்ளோ நல்லதா வாங்கினாலும் மெத்த சரியில்லைன்னா வேஸ்ட்

அத்தை: அப்ப நான் வாங்குனது வீணா

மலர்: அத்தை அப்படி இல்ல

குமார்: அம்மா அத உங்க ஈசூன் வீட்டுல தரையில போட்டுக்குவோமே? சனி ஞாயிறு உங்ககிட்ட வரும்போது மதியம் அதுலயே தூங்கட்டும். சுவத்த ஒட்டாம நடுவுல போடுங்க

அத்தை: இத அப்பவே சொல்லியிருந்தா நான் ஏன் பாய பத்தி பேசுறேன். கொண்டாந்து போடு

மலர்: பழச அமுக்கி பாத்தேன் மாமா, குழி ஒண்ணும் இல்ல, கவர்தான் தொய்ஞ்சு போச்சு. அதையே வச்சுக்குறோம்

பிரியா: தடுப்பு முழு நீளத்துக்கும் இருக்காதா? போட்டோல பாதிதான் இருக்கு

ரேவதி அண்ணி: பாதிதான் இருக்கணும். தலைப்பக்கம் தடுப்பு, கால்பக்கம் அவ இறங்குற வழி. முழுசா அடைச்சா மறுபடி ஏறிக் குதிப்பா. அப்புறம் மலர், கட்டில ஜன்னல் பக்கம் போட்டுடாத, பிளைண்ட்ஸ் கயிற மேல சுத்தி கட்டு. டிராயர் அலமாரிய சுவத்தோட சேத்து திருகிடு, இனிமே ராத்திரி அவளா எந்திரிச்சு ரூம சுத்துவா, டிராயர படி மாதிரி இழுத்து ஏறுறதுதான் அவங்களுக்கு மொத வேல

குமார்: அதுக்கு டிரில் எடுக்கலாம்ல

சேகர் மாமா: அதுக்கு எடு

மலர்: ஆர்டர் போட்டாச்சு. வர்றதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும்?

சேகர் மாமா: பழைய மெத்தைய தரையில போட்டு படுக்க வை, கிரிப்ல போடாத. பார்சல் வந்ததும் சொல்லு, சனிக்கிழமையா பாத்து நான் வரேன். போல்ட் பாக்கெட்ட பிரிச்சு எண்ணி வை. போல்ட் முறுக்குற ஆலன் கீ நான் எடுத்துட்டு வரேன். மாட்டி ஒரு வாரம் கழிச்சு மறுபடி ஒரு தடவ முறுக்கணும், மரம் கொஞ்சம் விட்டுக் குடுக்கும்

அத்தை: ஆக இப்ப தரையிலதான் படுக்கப் போறா. நான் ஒண்ணும் சொல்லல

குமார்: அம்மா

அத்தை: மெத்தைய நாளைக்கே கொண்டு வந்துரு, வரும்போது ரெண்டு தேங்கா வாங்கிட்டு வா