நம்ம கட்சி தோற்ற மறுநாள்: அமெரிக்க இடைக்காலத் தேர்தல் அனுபவங்கள்

கொலம்பஸ்காரன்

அதிபர் தேர்தலில் தோற்றால் ஒரு ராத்திரி அழுது தீர்த்துவிடலாம். அதிபரின் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத்துக்கும் பல மாநிலப் பதவிகளுக்கும் நடக்கும் இடைக்காலத் தேர்தல் அப்படியில்லை. எங்கே அடிபட்டிருக்கிறது என்று தெரியவே வருஷக்கணக்கில் ஆகிறது. 2010 நவம்பர் 2-ஐ வைத்துத்தான் சொல்கிறேன். நான் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சிக்காரன், ஊர் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ். சிட்டிசன்ஷிப் வாங்கிய பிறகு எனக்கு வந்த முதல் தேர்தல் அது. ஆர்வக்கோளாறில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கும் வேலைக்கும் பெயர் கொடுத்திருந்தேன்.

போகிறவர் கையில் ஒரு கிளிப்போர்டு கொடுப்பார்கள். தெருவாரியாகப் பெயர், வயது, பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். ஒன்று என்றால் நம்ம ஆள், ஐந்து என்றால் எதிரணி, மூன்று என்றால் இன்னும் முடிவு செய்யாதவர். பேசி முடித்ததும் சரியான எண்ணை வட்டமிட வேண்டும். எனக்குக் கிடைத்த தெருக்களில் பெரும்பாலும் 2008-ல் ஒபாமா பக்கம் நின்ற வீடுகள்தான். இருந்தாலும் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துகொண்டேதான் போனேன். ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. முன்வாசலில் இலை வாரிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை போனவர், “ஒபாமா மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லை, இந்தத் தடவை நான் ஓட்டுப் போடப் போகவில்லை, அவ்வளவுதான்” என்றார். சொல்லிவிட்டு மறுபடி இலை வாரப் போய்விட்டார். அவருக்கு எந்த எண்ணை வட்டமிடுவது? அந்தத் தாளில் அவருக்கு எண்ணே இல்லை.

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் எங்களுக்கு 63 இடம் போச்சு. எங்கள் பக்கத்து உறுப்பினர் மேரி ஜோ கில்ராய் தோற்றார். ஆளுநர் டெட் ஸ்ட்ரிக்லண்ட் சுமார் 2 சதவீத வித்தியாசத்தில் குடியரசுக் கட்சியின் ஜான் கேசிக்கிடம் தோற்றார். மறுநாள் ஆபீஸில் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம்மவர்களில் பாதிப் பேர் ஹெச்1பி வேலை விசாக்காரர்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்போ கிரீன் கார்டு சீக்கிரம் வருமா, வராதா?”

என் கவலை வேறு. அக்கா மகனுக்கு அப்போது 23 வயது. பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோர் இன்சூரன்ஸிலேயே இருக்கலாம் என்ற ஒபாமா சட்டத்து விதி அந்தச் செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. ஜெயித்த குடியரசுக் கட்சிக்காரர்கள் அதை எடுத்துவிடுவார்கள் என்று அக்கா தினமும் போனில் புலம்புவாள். அதை எடுக்கவே இல்லை. நாங்கள் வில்லனாக நினைத்த கேசிக்கே 2013-ல், தன் கட்சிச் சட்டமன்றம் முரண்டு பிடித்தபோது சுற்றுவழியில் போய், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவுபடுத்தினார். கிளீவ்லண்டிலிருந்து கொலம்பஸ் வழியாகச் சின்சினாட்டி போக வேண்டிய ரயிலுக்கு வந்த 400 மில்லியன் டாலரை வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். 1979-லிருந்து எங்கள் ஊருக்குப் பயணிகள் ரயில் கிடையாது. இந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நம்பிக்கை 2011-ல் வந்தது. அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையைக் குறைத்து ஐந்தாம் எண் செனட் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர், போலீஸ், தீயணைப்பு வீரர் யாரையும் விட்டுவைக்கவில்லை. ஒஹாயோவில் போதிய கையெழுத்து சேர்ந்தால் அப்படிப்பட்ட சட்டத்தை மக்கள் ஓட்டுக்கு விடலாம். மளிகைக்கடை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த தீயணைப்பு வீரர் என்னிடம் முதலில் கேட்டது பெயரை அல்ல, “எந்தக் கவுண்டி?” என்றுதான். கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. ஒரு தாளில் ஒரே கவுண்டிக்காரர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஃப்ராங்க்ளின் கவுண்டித் தாளில் டெலவேர் கவுண்டிக்காரர் போட்டுவிட்டால் அந்தக் கையெழுத்து செல்லாது. மேஜையில் ஏழெட்டு அட்டைகளைக் கவுண்டிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். பேச்சுவாக்கில் தானும் கேசிக்குக்குத்தான் ஓட்டுப் போட்டதாகச் சொன்னார். தேவை சுமார் 2,31,000 கையெழுத்து. சேர்ந்ததோ ஏறக்குறைய 13 லட்சம். அந்த நவம்பரில் 61 சதவீதம் பேர் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள்.

சரி, கணக்கு நேராகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2012-ல் ஒபாமா ஒஹாயோவை வென்றார். அதே நாளில், அதே ஒஹாயோவில், பிரதிநிதிகள் சபையின் 16 இடங்களில் 12 குடியரசுக் கட்சிக்கு. அப்போதுதான் உறைத்தது. 2010-ல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையும் கைமாறியிருந்தது, 2011-ல் தொகுதி எல்லைக் கோடுகளைப் போட்டவர்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள். ஏரிக்கரையோரம் டொலிடோவிலிருந்து கிளீவ்லண்ட் வரை பாம்பு மாதிரி ஒரு தொகுதி. 2020 வரை நடந்த ஐந்து தேர்தலிலும் 12-4, ஒரு இடம்கூட மாறவில்லை. மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளைப் பிரித்த ஐந்து பேர் குழுவில் மாநில ஆடிட்டரும் ஒருவர். 2010-ல் ஆடிட்டர் பதவிக்கு நின்றவர்கள் யார் யார் என்று கேட்டால் என்னோடு கிளிப்போர்டு தூக்கியவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஸ்போக்கேன் டாக்டர்

தம்பி, உங்களுக்கு 2010 என்றால் எனக்கு 1994. நான் எழுபதுகளில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேனுக்கு வந்தவன். எங்கள் தொகுதி உறுப்பினர் ஜனநாயகக் கட்சியின் டாம் ஃபோலி, பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். 30 வருஷம் அந்தத் தொகுதியை வைத்திருந்தவர். உயரமான மனிதர், குரலை உயர்த்திப் பேசியே நான் கேட்டதில்லை. சபாநாயகர் தன் சொந்தத் தொகுதியில் தோற்பது 1862-க்குப் பிறகு நடந்ததே கிடையாது. அந்த வருஷம் சுமார் 4,000 ஓட்டில் தோற்றார்.

என் நோயாளிகள் பாதிப் பேர் கோதுமை விவசாயிகள். ஃபோலியால் அவர்களுக்கு எவ்வளவோ நடந்திருக்கிறது, அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த இலையுதிர்காலம் முழுக்க இரத்த அழுத்தம் பார்க்கும்போது இரண்டு பேச்சுத்தான் காதில் விழும். ஒன்று, துப்பாக்கி. ஜூனில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஃபேர்சைல்டு விமானப்படைத் தளத்து மருத்துவமனையில் ஒருவன் சுட்டு 4 பேர் இறந்தார்கள். ஃபோலி காலமெல்லாம் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பக்கம் நின்றவர். அதன் பிறகு தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடைக்கு ஆதரவாகத் திரும்பினார். இரண்டாவது, பதவிக் காலவரம்பு. இத்தனை தடவைக்கு மேல் நிற்கக் கூடாது என்று 1992-ல் வாஷிங்டன் மக்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்தார்கள். அதை எதிர்த்து ஃபோலி கோர்ட்டுக்குப் போனார். “நம்ம மேலயே கேஸ் போட்டவன்” என்று ஒரு விவசாயி சொன்னபோது, கையில் கட்டியிருந்த பட்டையில் அழுத்தம் ஏறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் நெதர்கட், மூன்று தடவைக்கு மேல் நிற்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தார். 2000-ல் நான்காவது தடவையும் நின்றார். ஜெயிக்கவும் செய்தார். அந்த விவசாயி அப்போதும் என்னிடம்தான் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். கேட்டேன். “அவன் நம்மாளு” என்றார்.

அந்த 1994-ல் ஜனநாயகக் கட்சிக்கு 54 இடம் போய், 40 வருஷமாகக் கையில் இருந்த சபையும் போனது. அதிபர் கிளின்டன் கதை முடிந்தது என்று மருத்துவமனை கேன்டீனில் பந்தயமே கட்டினார்கள். 1996-ல் அவர் சுலபமாக ஜெயித்தார். ஸ்போக்கேன் தொகுதி மட்டும் அன்று போனதுதான், இன்று வரை திரும்பவில்லை.

ஆரஞ்சு கவுண்டி அக்கா

எல்லோரும் ஒரே கட்சியாகப் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம். வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில், ஊர் கலிஃபோர்னியாவில் இர்வைன். ரீகன் காலத்திலிருந்து ஆரஞ்சு கவுண்டி குடியரசுக் கட்சியின் கோட்டை. 2018-ல் இந்தக் கவுண்டியைத் தொடும் 7 தொகுதிகளும் ஜனநாயகக் கட்சிக்குப் போய்விட்டன. ஏழுக்கு ஏழு. கட்சிக்கு நாடு முழுக்க நிகரமாகச் சுமார் 40 இடம் நஷ்டம்.

டிவியில் எல்லாவற்றுக்கும் டிரம்ப்தான் காரணம் என்றார்கள். அதுவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் கேட்டது வேறு. மாநில வருமான வரி, வீட்டு வரி இரண்டையும் சேர்த்து 10,000 டாலர்வரைதான் கழிக்கலாம் என்று 2017 வரிச் சட்டம் வரம்பு கட்டிவிட்டது. இர்வைனில் வீடு வைத்திருப்பவருக்கு வீட்டு வரியே ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிட்டது. கலிஃபோர்னியா வருமான வரி முழுக்கக் கழிவில்லாமல் நின்றது. “நம்ம கட்சி வரி குறைச்சுதுன்னு சொன்னாங்களே, எனக்கு மட்டும் ஏன் கூடுது?” என்று நம்மூர் இன்ஜினியர் ஒருவர் கேட்டார். பேப்பரில் போட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எங்கள் உறுப்பினர் மிமி வால்டர்ஸ் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர்.

தேர்தல் ராத்திரி வால்டர்ஸ் முன்னிலை. பக்கத்துத் தொகுதியில் யங் கிம்மும் முன்னிலை. நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் மாலைதோறும் கவுண்டி அலுவலகம் புது எண்ணிக்கை வெளியிடும், தினமும் வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். யங் கிம் அதற்குள் புது உறுப்பினர்களுக்கான அறிமுக வகுப்புக்காகத் தலைநகர் வாஷிங்டன் போயே போய்விட்டார். கடைசியில் இரண்டு பேரும் தோற்றார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களில் பலர் இதைத் தில்லுமுல்லு என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேர்தல் நாள் தபால் முத்திரையோடு மூன்று நாளுக்குள் வந்து சேர்ந்தால் அந்த ஓட்டு செல்லும், அப்போதைய கலிஃபோர்னியா விதி அது. ஒவ்வொரு உறையிலும் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், நேரம் பிடிக்கத்தான் செய்யும். கடைசித் தேதியான ஏப்ரல் 15 ராத்திரி ஓடிவந்து கணக்குத் தாக்கல் செய்கிறவன் எல்லாம் திருடனா? கடைசி நேரத்துக்காரன், அவ்வளவுதான். அந்தக் கடைசி நேரத்துக்காரர்களைத் தேடிப் போய்ப் பேச ஜனநாயகக் கட்சிக்கு ஆள் இருந்தது, எங்களுக்கு இல்லை. கவலையாக இருந்தது அதுதான். கூட்டத்தில் சொன்னால் முறைத்தார்கள்.

2020-ல் யங் கிம் திரும்ப நின்று ஜெயித்தார், மிஷெல் ஸ்டீலும் ஒரு இடத்தை மீட்டார். டிரம்ப் தோற்ற அதே தேர்தலில்! டிரம்புக்கு எதிராகவும் இவர்களுக்கு ஆதரவாகவும் ஒரே சீட்டில் ஓட்டுப் போட்டவர்கள் எங்கள் கவுண்டியிலேயே இருக்கிறார்கள்.

டாக்டர் சார், உங்கள் விவசாயி மாதிரி “அவன் நம்மாளு” என்று சொல்கிறவர்கள் இங்கே ரொம்பக் குறைவு. வீட்டு வரி ரசீதைத்தான் பார்க்கிறார்கள்.

மேடிசன் பழைய மாணவன்

கொலம்பஸ் அண்ணே, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். 2010-ல் விஸ்கான்சினிலும் அதே அடிதான். 18 வருஷம் செனட்டராக இருந்த ரஸ் ஃபைங்கோல்ட் தோற்றார், ஸ்காட் வாக்கர் ஆளுநரானார், சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் போயின. நான் எஃப்1 மாணவன், ஓட்டு கிடையாது, ஆனால் உதவி ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினன். வாக்கரும் அரசு ஊழியர் சங்கங்களின் உரிமையைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தார். அதை எதிர்த்து 2011 பிப்ரவரியில் மேடிசன் சட்டமன்றக் கட்டடத்துப் பளிங்குத் தரையில் தூங்கியவர்களில் நானும் ஒருவன். ஸ்லீப்பிங் பேக் இருந்தும் குளிர் முதுகில் ஏறும். இயான்ஸ் பீட்ஸா கடைக்கு எகிப்திலிருந்தெல்லாம் போன் செய்து எங்களுக்காகப் பணம் கட்டினார்கள். பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அந்த வாரம் இருந்த நம்பிக்கை எனக்கு அதற்குப் பிறகு எப்போதும் வந்ததில்லை.

உங்கள் ஒஹாயோ சட்டம் போலீஸையும் தீயணைப்பு வீரர்களையும் தொட்டது, எங்கள் ஊர்ச் சட்டம் கவனமாக அவர்களை ஒதுக்கிவிட்டது. விஸ்கான்சினில் சட்டத்தை மக்கள் ஓட்டுக்கு விட்டு ரத்து செய்யவும் வழியில்லை, ஆளைத்தான் திரும்ப அழைக்கலாம். 9 லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கி 2012 ஜூனில் வாக்கரை மறுதேர்தலுக்கு இழுத்தோம். 2010-ஐ விடக் கூடுதல் வித்தியாசத்தில் ஜெயித்தார். சட்டம் பிடிக்காவிட்டாலும் பாதிப் பதவிக்காலத்தில் ஆளை இறக்குவது முறையில்லை என்று நான் வாடகைக்கு இருந்த வீட்டு ஓனர் அம்மாவே அவருக்குப் போட்டார்.

2018-ல் ஆளுநர் பதவியைத் திரும்பப் பிடித்தோம். ஆனால் மாநிலக் கீழவையில் 99-க்கு 63 குடியரசுக் கட்சி பக்கம். நீங்கள் சொன்ன அதே தொகுதி எல்லைக் கோடுதான். 2023-ல் மாநில உச்ச நீதிமன்றம் பழைய எல்லைகள் செல்லாது என்றது, 2024-ல் புது எல்லைகளில் தேர்தல் நடந்தது. அதே நாளில் டிரம்ப் விஸ்கான்சினை வென்றார், கீழவையில் எங்களுக்கு 10 இடம் கூடியது. கொண்டாடுவதா வேண்டாமா என்று நண்பர்கள் வாட்ஸப் குழுவில் விடியும்வரை சண்டை. இப்போது 54-45. பெரும்பான்மைக்கு இன்னும் 5 வேண்டும். அந்த 5 தொகுதி எவை, ஒவ்வொன்றிலும் எத்தனை ஓட்டில் விட்டோம் என்று குழுவில் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.