ஸ்க்ரீன் பூரா மீன், தூண்டில்ல ஒண்ணு கூட இல்ல. உதவி பண்ணுங்கப்பா

ஃபிரிஸ்கோ_ராட்: அவசரம் மக்களே, நாளைக்கு காலைல திரும்ப போறேன். அக்டோபர்ல சேண்ட் பாஸ் மீன வாரி வாரி குடுத்த அதே இடம், இப்ப தேங்க்ஸ்கிவிங் லீவுல மூணு நாள் போயாச்சு ஒரு கடி இல்ல. தண்ணிக்கடில மீன் காட்டுற ஃபிஷ் ஃபைண்டர் மெஷின்ல பாத்தா சின்னதும் பெருசுமா மீனா கொட்டிக் கெடக்கு. ஸ்லாப், அதான் அந்த கனமான உலோகப் பொய்மீன், மாத்தி மாத்தி போட்டுட்டேன். எங்க தப்பு பண்றேன்?

பொன்னி78: எந்த ஏரி ப்ரோ? படகுலயா, கரையிலயா? அதே இடம்னா எங்களுக்கு என்ன கனவா வரும்?

நைட்ஷிஃப்ட்: ஸ்லாப் கலர்தான் ப்ரோ. கலங்கல் தண்ணின்னா சார்ட்ரூஸ் (மஞ்சப்பச்சை), தெளிஞ்சிருந்தா வெள்ளை. நான் வேற எதுவும் மாத்துறதே இல்ல.

பழைய_ரீல்: தண்ணி டெம்பரேச்சர் இல்ல, ஆழம் இல்ல, காத்து எந்தப் பக்கம்னு இல்ல. வருஷா வருஷம் நவம்பர்ல இதே கேள்வி, வருஷா வருஷம் நானே பதில் எழுதுறேன், பழைய இழைய தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை கெடையாது. மீன் பிடிக்க மட்டும் பொறுமை வந்துருமா?

ஃபிரிஸ்கோ_ராட்: சாரி சார். டெக்சாஸ் லூயிஸ்வில் ஏரி, கயாக் (துடுப்புப் படகு). லிட்டில் எல்ம் பக்கம் ஓடைக்குள்ள, 7, 8 அடி தண்ணி. காலைல தண்ணி 54 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுச்சு.

கருவாட்டு_வாசம்: புதன்கிழமை வாடைக்காத்து அடிச்சு வெரட்டுச்சே, அதான். காத்தழுத்தம் ஏறிட்டா மீன் வாயக் கட்டிக்கும். ரெண்டு நாள் விட்டுப் போங்க.

ட்ரினிட்டி_தம்பி: அண்ணே ஒரு சந்தேகம், ஸ்க்ரீன்ல மீன் படமாவே வருதா? பக்கத்துல அடி நம்பர் போட்டு?

ஃபிரிஸ்கோ_ராட்: ஆமா. கலர் கலரா.

ட்ரினிட்டி_தம்பி: அதான் மேட்டர். அது ஃபிஷ் ஐடிங்கற செட்டிங், மொதல்ல ஆஃப் பண்ணுங்க. எலை, குமிழி, மரக்கொம்பு எது வந்தாலும் அதுக்கு மீன் படம்தான், ஒரு ஷாட் (பாஸ் தின்ற குட்டி மீன்) கூட்டத்தையே பத்து மீனா பிச்சுக் காட்டும். ஆஃப் பண்ணிட்டா ஷாட் கூட்டம் பஞ்சுப் பொதி மாதிரி தெரியும், அதுக்கு அடில தரைய ஒட்டி தடிப்பா வளைவு வந்தா பாஸ். கயாக் நகராம நின்னா வளைவு வராது, நீளக் கோடா இழுக்கும், அதுவும் மீன்தான், பயந்துறாதீங்க. பொதி இருந்து அடில ஒண்ணுமே இல்லன்னா ஸ்லாப்ப எறக்காதீங்க, கெளம்பி அடுத்த எடம் போங்க. இன்னொண்ணு, ஓடைக்கடைசி ஆழம் கம்மி, வாடை அடிச்சா அங்கதான் மொதல்ல சில்லிட்டுப் போகும். த்ரெட்ஃபின் ஷாடுக்கு குளிர் ஆகவே ஆகாது, தண்ணி 40ஐ நெருங்கினா செத்து மிதக்கும், அதனால ஓடை வாய்க்கும் ஏரிக்கடில முங்கின பழைய ஆத்துக்கால் ஓரத்துக்கும் நகந்துரும், பாஸும் பின்னாடியே போயிரும். டோல் பிரிட்ஜ் பக்கம் 25 அடிலேர்ந்து 30 அடி வரைக்கும் தேடிப் பாருங்க. முக்கா அவுன்ஸ் ஸ்லாப்ப தரையில தட்ட விட்டு ஒரு அடி தூக்குங்க, அப்படியே விழ விடுங்க, இந்தக் குளிருக்கு விழும்போதுதான் கடிக்கும்.

பழைய_ரீல்: இதைத்தான் நான் 2019லயே எழுதினேன்.

முத்துநகர்: மெஷினே வேணாம்யா. விடியக்காலம் கடல்காக்கா எங்க வட்டம் போட்டு குத்துதுன்னு பாரு, நீர்க்காகம் எங்க முங்குதுன்னு பாரு, அதுக்கு அடில ஷாட். எங்க தூத்துக்குடில எங்கப்பா இதப் பாத்துதான் வலை வளைப்பாரு.

நைட்ஷிஃப்ட்: அண்ணாச்சி, லைவ்ஸ்கோப்னு நேரலையா காட்டுற மெஷின்ல மீன் ஸ்லாப்ப மொறச்சுப் பாக்குறதே தெரியுது, நீங்க இன்னும் காக்கா பாருங்கறீங்க.

முத்துநகர்: டிவி பாக்கணும்னா வீட்லயே ஒக்காந்து பாரேன், எதுக்கு குளிர்ல வர்ற?

பொன்னி78: ரெண்டும் பாருங்கய்யா. ஆனா காக்கா சும்மா தண்ணில ஒக்காந்திருந்தா நம்பாதீங்க, அது சாப்டு முடிச்ச காக்கா.

கருவாட்டு_வாசம்: இவ்ளோ பாடுபட்டு பிடிச்சு என்னத்துக்கு, சேண்ட் பாஸ் கவுச்சி தாங்காது.

முத்துநகர்: தோலை ஒட்டி செவப்பா ஒரு சதை ஓடும், அத வழிச்சு எறியணும். எறியாம கொழம்பு வெச்சுட்டு மீனக் குத்தம் சொல்லாத.

கருவாட்டு_வாசம்: வழிச்சா பாதி மீன் போயிருது. வறுக்கலாம், கொழம்புக்கு ஆகாது.

முத்துநகர்: புளி கரைக்கத் தெரியாதவங்க கையில எந்த மீனும் ஆகாது.

பழைய_ரீல்: சமையலுக்கு தனி இழை இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு சொல்றேன், 10 இஞ்சுக்கு கம்மின்னா திருப்பி விட்டுறணும், ஒரு நாளைக்கு ஆளுக்கு 25. இங்க ஹைப்ரிடும் (சேண்ட் பாஸும் ஸ்ட்ரைப்ட் பாஸும் சேந்த கலப்பு மீன்) கலந்து வரும், அதுக்கு கோடு நெறைய வால் வரைக்கும் ஓடும், நாக்குல பல் ரெண்டு பட்டையா இருக்கும். சேண்ட் பாஸுக்கு ஒத்தப் பட்டை. ஹைப்ரிட் 18 இஞ்ச் இருந்தாத்தான் எடுக்கலாம், அதுவும் 5தான். தெரியாதுன்னு சொன்னா மீன்பிடி சட்டம் பாக்குற வார்டன் விட மாட்டாரு.

பொன்னி78: 54 டிகிரி தண்ணி, தம்பி கயாக்ல போறாரு. லைஃப் ஜாக்கெட்ட கால் கீழ போட்டு வெக்காம மாட்டிக்கோங்க. கவுந்தா கை வெறைச்சுரும், அப்பறம் பக்கிள் போட வராது.

ட்ரினிட்டி_தம்பி: அண்ணே போனீங்களா?

ட்ரினிட்டி_தம்பி: ?

நைட்ஷிஃப்ட்: ஆளு மீன் படத்துக்கு பேர் வெச்சுட்டு இருப்பாரு.

ஃபிரிஸ்கோ_ராட்: போனேன். ஐடி ஆஃப் பண்ணதும் ஓடை ஸ்க்ரீன் காலி, ஒண்ணுமே இல்ல, சிரிப்புதான் வந்துச்சு. பாலத்துக்கிட்ட 27 அடில பஞ்சு மாதிரி தெரிஞ்சுது, கீழ கோடு. 14 பிடிச்சேன், மூணு சின்னது, விட்டுட்டேன். காக்காவும் அங்கதான் இருந்துச்சு. நன்றி எல்லாருக்கும்.

முத்துநகர்: பாத்தியா.

நைட்ஷிஃப்ட்: ஸ்லாப் என்ன கலர்னு சொல்லிட்டுப் போங்க ப்ரோ.

நைட்ஷிஃப்ட்: ப்ரோ?