பழைய கார் மியூசியத்தில் வேலைக்குச் சேருகிறேன், காரின் முன் நின்று என்ன சொல்வது?

சூலூர் பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம்ங்க. வரும் திங்கட்கிழமை கோயமுத்தூரில் ஒரு பழைய கார் மியூசியத்தில் வேலைக்குச் சேருகிறேன். வருகிறவர்களைச் சுற்றிக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டும். காலையில் கதவு திறக்கும் முன் கார்களைத் துடைத்து வைப்பதும் என் பொறுப்புதான். இதுவரை ஒரு ஸ்பின்னிங் மில்லில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். பஞ்சைக் கையில் எடுத்தால் ரகம் என்ன, கழிவு எவ்வளவு போகும் என்று சொல்வேன். கார் எனக்குப் புதிது.

ஆனால் இந்த வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது. நேர்காணலுக்குப் போன அன்று உள்ளே சுற்றிப் பார்க்க விட்டார்கள். அங்கே ஒரு தாத்தா பேரனை ஸ்டாண்டர்டு ஹெரால்டு முன் நிறுத்தி, பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும் என்று கையாலேயே காட்டினார். பையன் உடனே குனிந்து கீல் எங்கே என்று தேடினான். பெயர்ப்பலகையில் வருஷமும் குதிரைத்திறனும்தான் இருந்தன. அதை வாசித்துக் காட்ட நான் எதற்கு? அந்தத் தாத்தா மாதிரி சொல்ல எனக்கு வர வேண்டும்.

ஃபோர்டு மாடல் டி ஒன்று இருக்கிறது. எல்லோரும் முதலில் அதன் முன்தான் நிற்கிறார்கள். அதில் எதைக் காட்டலாம்? துடைக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி ரோடு ஒர்க்‌ஷாப்:
அம்மணி, நல்ல வேலை கிடைத்திருக்கிறது. கார்புரேட்டர் வண்டிகளோடவே எனக்கு வயசாகிவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மாடல் டி 1908 முதல் 1927 வரை வந்தது, சுமார் ஒன்றரைக் கோடி வண்டிகள். அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு உடனே காலடியைக் காட்டுங்கள். மூன்று பெடல் இருக்கும். இன்றைக்கு வண்டி ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்பார். அது இல்லை. இடது பெடலை முழுக்க மிதித்தால் லோ கியர், முழுக்க விட்டால் ஹை கியர், நடுவில் நிறுத்தினால் நியூட்ரல். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல்தான் பிரேக். ஆக்சிலரேட்டர் காலிலேயே இல்லை, ஸ்டீயரிங்குக்குக் கீழே கையால் தள்ளும் லீவர். இன்னொரு லீவர், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் வரும் நேரத்தை முன்பின் நகர்த்தும். அதைத் தாமதத்தில் வைக்காமல், ஸ்டார்ட் செய்ய முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றினால் ஹாண்டில் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு போய்விடும்.

அடுத்து பெட்ரோல். கடைசி மாடல்களை விட்டுவிட்டால், பெரும்பாலான வண்டிகளில் டாங்க் சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக இறங்கி வர வேண்டும். டாங்கில் குறைவாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு மேலே போனால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் டாங்கை விட உயரமாகிவிடும், பெட்ரோல் வராது, எஞ்சின் நின்றுவிடும். அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினார்கள். லோ கியரை விட ரிவர்ஸுக்கு இழுவையும் அதிகம். பள்ளிப் பிள்ளைகள் வந்தால், ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவையும் பின்பக்கமாகவே ஏறுவதாக நினைக்கச் சொல்லுங்கள்.

துடைப்பது பற்றி. ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் பயன்படுத்தும் பனியன் வேஸ்ட்டை அந்தக் கார்கள் பக்கம் கொண்டுபோகவே கூடாது. தையலும் எலாஸ்டிக்கும் கோடு போட்டுவிடும். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தூசி எங்கே கதவு சாத்தினாலும் உள்ளே வரும். அதை அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி ஆகும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுங்கள், பிறகு மைக்ரோஃபைபர் துணியை மடித்து, அழுத்தாமல் துடையுங்கள். பழைய பெயின்டுக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு கிடையாது, தேய்க்கத் தேய்க்க நிறமே துணியில் வரும். வளையல், மோதிரம், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

டிராபன்ட் இருக்கிறதா அங்கே? இருந்தால் அது உங்கள் கார். கிழக்கு ஜெர்மனி வண்டி. அதன் வெளிப்பாடி தகரம் இல்லை, பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்தது.

ஈரோடு ஃபியட்:
வாழ்த்துகள் சகோதரி. எங்கள் வீட்டில் தாத்தாவின் பிரீமியர் பத்மினி இன்னும் இருக்கிறது. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓட விடுவோம். மியூசியத்திலும் அப்படிச் செய்யச் சொல்லுங்கள், சும்மா நின்றால் எஞ்சின் இறுகிவிடும்.

பொள்ளாச்சி ரோடு ஒர்க்‌ஷாப்:
தம்பி, இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் முழுக்கச் சூடாகாது. எரியும் பெட்ரோலிலிருந்து வரும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஓட்டினால் நன்றாகச் சூடேறும் வரை ரோட்டில் ஓட்டுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நீண்ட நாள் நிற்கும் வண்டியில் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது. இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் கெடுக்கும்.

அம்மணி, பேட்டரி கனெக்‌ஷன் கொடுக்கும் வேலை வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பழைய இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். இன்றைய வண்டி மாதிரி நெகட்டிவை பாடியில் போட்டால் மின் பாகங்கள் கெட்டுப்போகலாம்.

கோபி டீச்சர்:
வருஷா வருஷம் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒவ்வொரு காரிலும் நின்று பேசாதேம்மா. பேச்சு நீண்டால் பின்வரிசை கலைந்துவிடும். நாலைந்து கார்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களைத் தேட விடு. பி.எம்.டபிள்யூ ஐசெட்டா இருந்தால், “இதில் கதவைக் கண்டுபிடி” என்று சொல். வண்டியின் முகப்பே கதவு, ஸ்டீயரிங்கும் கதவோடு சேர்ந்து வெளியே வரும் என்று தெரியும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜி.டி. நாயுடு பிறந்த கலங்கல் உங்கள் சூலூருக்குப் பக்கம்தானே? 1920இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். மாடல் டி விற்றுக்கொண்டிருந்த அதே காலம். இதை மறக்காமல் சொல்.

சூலூர் பொண்ணு:
அண்ணா, டிராபன்ட் இருக்கிறது! மில்லில் கேட்டு ஒரு பாட்டிலில் கழிவுப் பஞ்சு வாங்கி வரப்போகிறேன், அதை முதலில் காட்டிவிட்டுக் காரைக் காட்டுவேன். டீச்சர் சொன்னதைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன். இன்னும் ஒன்று. எல்லோருக்கும் தொட்டுப் பார்க்கத்தான் ஆசை. “தொடாதீங்க” என்று நாள் முழுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பொள்ளாச்சி ரோடு ஒர்க்‌ஷாப்:
தொடுவதற்கென்று தனியாகப் பொருள் வையுங்கள் அம்மணி. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் அம்பாசிடர் ஸ்டீயரிங், ஃபியட் கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி எல்லாம் கிடைக்கும். மேலாளரிடம் கேட்டு ஒரு மேஜை போடச் சொல்லுங்கள். கார்புரேட்டரைப் பிரித்து மிதவையை ஆட்டிப் பார்க்கும்படி வைத்தால் இன்னும் நல்லது. அதைப் பிரித்துக் கழுவித் தர நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.