22 பங்குகளை எட்டாகக் குறைக்கலாமா?

வாசு_கோவை:

வணக்கம். என்னிடம் இப்போது 22 பங்குகள் இருக்கின்றன. எல்லாமே விலை மலிவு என்று கணக்குப் பார்த்து வாங்கியவைதான். ஆனால் காலாண்டு முடிவுகள் வரிசையாக வரும் நேரத்தில் இத்தனை கம்பெனிகளின் அறிக்கையையும் உட்கார்ந்து படிக்க, வேலைக்குப் போகிற ஆளால் முடிவதில்லை. லாபத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தது நாலைந்து பங்குகள்தான், மற்றவை சும்மா கிடக்கின்றன. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த எட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். வேல்யூ இன்வெஸ்டிங் (உண்மை மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்குவது) பற்றிப் படித்தால் ஒருவர் சில பங்குகளில் குவி என்கிறார், இன்னொருவர் பல பங்குகளில் பரப்பு என்கிறார், இரண்டு பேருமே நன்றாகச் சம்பாதித்திருக்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? சம்பளம் உண்டு, வீட்டுக் கடன் இன்னும் ஓடுகிறது, பிஎஃப் தனி.

மீனாட்சி_ஆர்:

வாசு சார், எந்த மாதிரி மலிவை வாங்குகிறீர்கள் என்று முதலில் பாருங்கள், எண்ணிக்கை அதிலிருந்து தானாக வரும்.

வால்டர் ஷ்லாஸ், வேல்யூ இன்வெஸ்டிங்கின் தந்தை எனப்படும் பெஞ்சமின் கிரஹாமிடம் வேலை பார்த்துவிட்டு 1955இல் தனியாக வந்தவர். ஒரே நேரத்தில் நூறு பங்குகள் வரை வைத்திருந்தார். புத்தக மதிப்புக்கு (சொத்தில் கடனைக் கழித்தால் கணக்கில் மிஞ்சுவது) கீழே விலை போகும் சுமாரான கம்பெனிகள்தான் பெரும்பாலும், நிர்வாகத்தைப் போய்ப் பார்த்துப் பேசுகிற பழக்கமும் கிடையாது. அப்படி வாங்கும்போது எது தேறும், எது மூழ்கும் என்று தனித்தனியாக யாராலும் சொல்ல முடியாது, கூட்டமாக வைத்திருந்தால்தான் அந்த மலிவு பணமாக மாறும். 1956இலிருந்து 1984 தொடக்கம் வரை கட்டணம் கழிப்பதற்கு முன் ஆண்டுக்கு 21.3% வந்தது, அதே காலத்தில் அமெரிக்கச் சந்தைக் குறியீடான எஸ் அண்ட் பி 8.4%.

பஃபெட்டின் கூட்டாளியாக இருந்த சார்லி மங்கர் நேர் எதிர். விரல் விட்டு எண்ணக்கூடிய பங்குகள், ஒவ்வொன்றிலும் பெரிய தொகை. 1962 முதல் 1975 வரை சராசரி 19.8%, இன்னொரு அமெரிக்கக் குறியீடான டௌ 5%. சரி, இந்தச் சராசரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நடுவில் என்ன நடந்தது? 1973இல் 31.9% இறக்கம், 1974இல் மறுபடி 31.5% இறக்கம். 1973 தொடக்கத்தில் இருந்த 1,000 டாலர் இரண்டே வருடத்தில் 467 ஆகிவிட்டது. 1975இல் 73.2% ஏறியும் 808 தான், மூன்று வருடம் கழித்தும் போட்டது திரும்பவில்லை. டௌவில் வைத்திருந்தவரின் 1,000 அப்போது ஏறக்குறைய 965.

வீட்டுக் கடன் ஓடும்போது உங்கள் கையில் இருப்பது பாதிக்கும் கீழே போனால், நீங்கள் விற்காமல் இருப்பீர்களா? வீட்டில் இருப்பவர்களும் அதற்குச் சம்மதிப்பார்களா? எட்டுப் பங்கு என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். நான் நாற்பது பங்குகள் என்ற பக்கம்தான் நிற்பேன், ஏனென்றால் நான் வாங்குவது ஷ்லாஸ் வகை.

பாலன்_சிவகாசி:

மீனாட்சி மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "நன்றாகத் தெரிந்த எட்டு" என்பதில்தான் எனக்குப் பயம். சத்யம் என்ற ஐடி நிறுவனத்தைத் தெரியாதவர் யார்? நிஃப்டியிலேயே இருந்த பங்கு, 2008இல் நிர்வாக நேர்மைக்கு விருது வாங்கிய கம்பெனி. 2009 ஜனவரி 7 அன்று தலைவரே கடிதம் எழுதி வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,000 கோடிக்கு மேல் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். பங்கின் விலையில் ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல் காலி. ஆண்டறிக்கையை வரி விடாமல் படித்தவரும் படிக்காதவரும் அன்றைக்கு ஒரே மாதிரிதான் இழந்தார்கள். அதில் 4% வைத்திருந்தவருக்கு மொத்தத்தில் 3% அடி, 25% வைத்திருந்தவருக்கு கிட்டத்தட்ட 20%. படிப்பதால் நம் கணிப்புப் பிழை குறையும், ஆனால் கணக்கே பொய் என்றால் நம்மைக் காப்பாற்றுவது அந்தப் பங்கின் அளவு மட்டும்தான்.

தொழில்முறை ஆட்களுக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் செக்கோயா ஃபண்ட் 1970இலிருந்து நடக்கும், மதிக்கப்படும் வேல்யூ ஃபண்ட். 2015இல் வேலியன்ட் என்ற ஒரே மருந்துக் கம்பெனி அதில் முப்பது சதவீதத்தைத் தொட்டது. பிறகு அந்தப் பங்கு 90% விழுந்தது, 2016இல் ஃபண்டின் தலைமை மேலாளர் விலகினார்.

அப்புறம், எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 2018 செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தவணை கட்டாமல் விட்டபோது கடன் கொடுக்கும் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்தே சரிந்தன. பத்து என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) வைத்திருந்தவர் உண்மையில் வைத்திருந்தது ஒரே பங்குதான். உங்கள் 22இல் எத்தனை ஒரே காற்றுக்கு ஆடும் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

அருள்_டி:

இரண்டு பேரும் பயமுறுத்தியாயிற்று, நான் மறுபக்கம் பேசுகிறேன். அமெரிக்க வேல்யூ முதலீட்டாளர் ஜோயல் கிரீன்பிளாட் காட்டிய ஒரு கணக்கு உண்டு: சந்தைக்குப் பொதுவான ஆபத்து போக, தனிக் கம்பெனியின் ஆபத்தில் எட்டுப் பங்குகளே 81% போக்கிவிடும், பதினாறு என்றால் 93%, முப்பத்திரண்டு என்றால் 96%. பதினாறுக்குப் பிறகு இன்னொரு பதினாறைத் தேடிப் படித்துக் கண்காணிப்பதற்குக் கிடைப்பது வெறும் 3%. (வெவ்வேறு துறைகளில் இருக்க வேண்டும், பாலன் சொன்னதுதான்.) பரப்பு பரப்பு என்று சொன்ன கிரஹாமே 1948இல் கெய்கோ என்ற ஒரே காப்பீட்டு நிறுவனத்தின் பாதியை வாங்கினார், தன் வழக்கத்தை மீறிய அளவு. இருபது வருடங்கள் அவர் செய்த மற்ற எல்லா முதலீடுகளின் லாபத்தையும் அது ஒன்றே தாண்டியது.

ஆனால் வாரன் பஃபெட்டைக் காட்டிக் குவிக்காதீர்கள். 2023 முடிவில் அவருடைய நிறுவனமான பெர்க்‌ஷயரின் பங்கு முதலீட்டில் ஏறக்குறைய பாதி ஆப்பிள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் அடியில் காப்பீடு, ரயில்வே, மின்சாரம் என்று மாதாமாதம் பணம் கொட்டும் முழுக் கம்பெனிகள் இருக்கின்றன. நமக்கு அடியில் இருப்பது ஒரு சம்பளம்.

என் யோசனை: 12 முதல் 15. வாங்கும் விலையில் ஒரு பங்குக்கு 8%க்கு மேல் போடாதீர்கள். ஏறி 15% ஆனால் மறுபடி மதிப்புப் போட்டுப் பாருங்கள். இன்று கையில் பணமாக இருந்தால் இதே விலைக்கு வாங்குவேனா என்று கேட்டு, "இல்லை" என்று வருவதை முதலில் விற்றுவிடுங்கள்.

வாசு_கோவை:

மூன்று பேருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன், 22இல் ஏழு வங்கியும் நிதி நிறுவனமும். அதை மூன்றாக்குவதுதான் முதல் வேலை. எட்டு வேண்டாம், பதினான்கில் நிறுத்துகிறேன். ஒரே நாளில் விற்கலாமா, பிரித்தா?

அருள்_டி:

பிரித்தே விற்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தவற்றில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5%. ஒரு வருடம் ஆகாதவை என்றால் 20%. 2024 ஜூலை 23இலிருந்து இதுதான் விகிதம். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று விற்றால் அந்த விலக்கு இரண்டு தடவை கிடைக்கும். நஷ்டத்தில் இருப்பவற்றையும் அதே ஆண்டில் சேர்த்து விற்றுக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கில் சந்தேகம் வந்த கம்பெனி ஏதாவது அந்தப் பட்டியலில் இருந்தால் வரிக்காகக் காத்திருக்காதீர்கள், நாளைக்கே விற்றுவிடுங்கள்.