துருப்பிடித்த பெட்ரோல் பைப்: செம்புக் குழாய் போடலாமா?

பழைய_எஸ்டீம்:
மாருதி எஸ்டீம் கார், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் போகும் வகை). பின்சக்கரத்துப் பக்கம் ஸ்டீல் பைப் ஒரு சாண் நீளத்துக்குத் துருவேறிக் கசிகிறது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு ஏசி செம்புக் குழாய் போடலாம், இல்லை ரப்பர் ஹோஸ் மாட்டி ஸ்க்ரூ கிளாம்ப் முறுக்கினால் போதும் என்கிறார் மெக்கானிக். எது சரி?

ஸ்பேனர்14:
செம்பு வேண்டவே வேண்டாம். வண்டி அதிர அதிர இறுகிப்போய் ஃபிளேர் (மூட்டுக்காக விரித்த முனை) ஓரத்தில் விரிசல் விடும். செம்பு பட்டால் பெட்ரோலும் சீக்கிரம் பிசின் கட்டும். குப்ரோ-நிக்கல் (செம்பு-நிக்கல் கலவை) பைப் நல்லது: துருப்பிடிக்காது, வளைக்கவும் சுலபம். கிடைக்காவிட்டால் ஸ்டீல்.

ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சடித்திருப்பதைப் படிங்க. எஸ்.ஏ.இ ஜே30 என்பது ஹோஸுக்கான தரக்குறி. அதில் ஆர்7 கார்புரேட்டருக்கானது, 50 பி.எஸ்.ஐ அழுத்தம்தான் தாங்கும். உங்களுக்கு ஆர்9 வேண்டும். 100 தாங்கும், உள்பூச்சு ஃப்ளூரோ ரப்பர் என்பதால் இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கும் அசையாது.

பைப்பை வெர்னியரில் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்க. 8 மி.மீ.க்கு 5/16 இஞ்ச் (7.94) சரி. 6 மி.மீ. பைப்பில் 1/4 இஞ்ச் (6.35) ஹோஸ் மாட்டினால் லூஸ். எவ்வளவு முறுக்கினாலும் ரப்பரில் மடிப்பு விழுந்து அது வழியாகவே கசியும்.

பழைய_எஸ்டீம்:
ஹோஸை வெட்டிய பைப்பில் அப்படியே சொருகலாமா?

கிரீஸ்_கை:
கூடாது. மொட்டை முனையிலிருந்து பிரஷரில் வழுக்கிக் கழன்றுவிடும். முனையில் ஒரு புடைப்பு வேண்டும். டபுள் ஃபிளேர் செட்டில் (பைப் முனையை இரண்டு அழுத்தத்தில் மடித்து விரிக்கும் கருவி) அளவுக்கேற்ற அடாப்டரை வைத்து முதல் அழுத்தத்தோடு நிறுத்தினால் அந்தப் புடைப்பு வந்துவிடும். ஹோஸ் அதைத் தாண்டி ஒரு இஞ்சாவது ஏறணும், கிளாம்ப் புடைப்புக்குப் பின்னால் உட்காரணும்.

ஸ்க்ரூ கிளாம்பின் வெட்டுத் தடங்கள் ரப்பரைக் கடித்துவிடும். ஓரம் மடித்த, போல்ட்-நட் வைத்த இ.எஃப்.ஐ (இன்ஜெக்டர் வண்டிக்கான) கிளாம்ப் வாங்குங்க, அளவு ஹோஸின் வெளிவிட்டத்துக்கு.

வெட்ட டியூப் கட்டர்தான். ஹாக்ஸா தூள் இன்ஜெக்டரில் போய் உட்காரும். கிரைண்டரைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீங்க.

ஸ்பேனர்14:
முதலில் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு இன்ஜின் தானே அணையும்வரை ஓட்டி, இன்னொரு தடவை செல்ஃப் அடிங்க. அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. அப்பவும் கொஞ்சம் பீய்ச்சும், துணியைச் சுற்றித் திறங்க. வேலை முடிந்ததும் ஃப்யூஸையும் பேட்டரியையும் திரும்ப மாட்டி, பிரஷர் ஏற சாவியை மூன்று தடவை ஆன்-ஆஃப் செய்து, ஒவ்வொரு மூட்டையும் டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்க.