'தடை' வேண்டாம், 'இடையோட்டம்' என்போம்

அன்பின் நண்பர்களுக்கு,

கர்ப்பிணித் தாய்மாரின் டொப்ளர் ஸ்கேன் (குருதியோட்டத்தை ஒலியலையால் அளக்கும் பரிசோதனை) அறிக்கையைத் தமிழில் எழுத நாம் சொல் தேடிவருகிறோம். அதில் 'சூல்வித்தகக் குருதித்தடை' என்ற சொல்லைப் பலரும் ஏற்றுவிட்டீர்கள். சூல்வித்தகம் என்பது placenta, தமிழ்நாட்டில் நஞ்சுக்கொடி. எனக்கு மனம் ஒப்பவில்லை. பௌதிகப் புத்தகத்தில் தடை என்றால் ஓட்டத்தை எதிர்க்கும் அளவு. வீட்டில் தடை என்றால் வழி அடைபட்டுப்போனது.

போன மாதம் திருகோணமலையில் ஒரு கிளினிக்கில் மூதூர்ப் பிள்ளை ஒருத்தியைக் கண்டேன். தலைப்பிள்ளை, நாலாம் மாதம். 'கருப்பை நாடியில் (கருப்பைக்குக் குருதி கொண்டுபோகும் குழாயில்) தடை அதிகம்' என்று தமிழில் எழுதிக் கொடுத்த துண்டின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றாள். "மிஸ்ஸி, பிள்ளைக்கு ரத்தம் போறது நிண்டுட்டா?" என்று கேட்டாள். நிற்கவில்லை. சூல்வித்தகத்தின் கலங்கள் தாயின் சுருளி நாடிகளுக்குள் புகுந்து அவற்றை அகலமாக்க வேண்டும். அது சரிவர நடக்காவிட்டால் நாடி ஒடுங்கியே இருக்கும். பின்னாளில் பிரஷர் கூடலாம், பிள்ளையின் வளர்ச்சி குறையலாம். கூடலாம், குறையலாம் என்பதுதான் செய்தி. இது எதிர்வுகூறல், தீர்ப்பு அல்ல.

முன்கூட்டித் தெரிவதால் பயனும் உண்டு. 11 முதல் 13 வாரத்துக்குள் இந்த ஓட்டத்தையும் தாயின் குருதியமுக்கத்தையும் குருதிப் பரிசோதனையையும் சேர்த்துக் கணித்து, ஆபத்து அதிகமான தாய்மாருக்கு இரவில் 150 மில்லிகிராம் அஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017 இல் வந்தது. 37 வாரத்துக்கு முன் பிரசவிக்க வேண்டிவந்த முன்சூல்வலிப்பு (pre-eclampsia, கர்ப்பத்தில் பிரஷர் கூடி வரும் நோய்), மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்த குழுவில் 4.3 சதவீதம், அஸ்பிரின் குழுவில் 1.6. இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்லும் துண்டில் 'தடை' என்று எழுதிப் பயங்காட்டுவானேன்?

அடுத்தது கொப்பூழ்க்கொடி நாடி. இதில் துடிப்பது பிள்ளையின் இதயம். இதயம் தளர்ந்து விரியும் நேரத்தின் இறுதியில் அந்த நாடியில் ஓடும் குருதிக்கு (end-diastolic flow) 'விரிவிறுதி ஓட்டம்' என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். இலக்கணத்தில் பிழையில்லை, ஆனால் எது விரிகிறது என்று கேட்காத தாய் இருக்கமாட்டாள். இயந்திரத்தின் ஒலியைக் கேட்டுப் பாருங்கள். ஓட்டம் நன்றாக இருந்தால் 'சர்ர்... சர்ர்' என்ற இரண்டு துடிப்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய இரைச்சல் விடாமல் கேட்கும். சூல்வித்தகம் பழுதுபடப் பட அந்த இரைச்சல் மெலியும், பிறகு அற்றுப்போகும். மிக மோசமானால் குருதி அந்த இடைவெளியில் திரும்பி ஓடும். கண்காணிப்பை நெருக்கமாக்குவதும், எந்த வாரத்தில் பிள்ளையை வெளியே எடுப்பது என்று யோசிப்பதும் இதை வைத்துத்தான்.

துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் ஓடுவது: இடையோட்டம். 'இடையோட்டம் உண்டு', 'இடையோட்டம் குறைவு', 'இடையோட்டம் இல்லை', 'இடையோட்டம் பின்செல்கிறது' என்று அறிக்கையில் தடையின்றி எழுதலாம். குடும்பநல மாது வாயாலும் சொல்லலாம். எண்ணாகத் தருவதற்குத் 'துடிப்புச் சுட்டி' (pulsatility index) போதும்.

'நஞ்சுக்கொடி' பற்றித் தமிழ்நாட்டு நண்பர் கேட்டிருந்தார். பிள்ளைக்கு உணவூட்டுகிற உறுப்பை நஞ்சு என்று எழுத எனக்குக் கை வராது. 'இளங்கொடி' அழகுதான், ஆனால் எங்கள் பக்கம் அது பசு கன்று போட்டதும் ஆலமரத்தில் கட்டும் பொட்டலத்தை நினைவூட்டும். எங்கள் பாடநூல் தந்த 'சூல்வித்தகம்' இருக்கட்டும்.

கருப்பை நாடியின் அலைவடிவில் விழும் சிறு பள்ளத்துக்கு (notch) 'வெட்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரசவ வார்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. 'குழிவு' என்று வைக்கலாமா?